ஒயரைப் பிடுங்கினால் வரும் புல்லாங்குழல்

பெரியப்பா மகளின் ரிசப்ஷனில் கை கழுவும் இடத்தைத் தேடிப் போனவள், தப்பான படிக்கட்டில் ஏறி, மேடைக்குப் பின்பக்கம் போய் நின்றேன். என் தொழில் வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது. அப்போது என் வலது கை முழுக்கப் பாயசம்.

தி. நகர் மண்டபம். கீழே சாப்பாட்டுக் கூடத்தில் பாட்டைக் கேட்டபடி சாப்பிட்டபோது, மேடையில் பத்து வயலினும் ஒரு புல்லாங்குழலும் இருப்பதாக நினைத்திருந்தேன். மேலே வந்து பார்த்தால் மொத்தமே ஆறு பேர். வயலினும் இல்லை, குழலும் இல்லை. மெரூன் புடவையில் ஒரு அக்கா, முன்னால் ஒரு கீபோர்டு. இடது கையில் பத்து வயலின், வலது கையில் புல்லாங்குழல். பட்டன்களுக்கு மேலே டேப் ஒட்டி, 'குழல் பழசு', 'குழல் புதுசு', 'அழுகை வயலின்' என்று பேனாவில் எழுதியிருந்தது.

பாட்டு முடிந்ததும் கேட்டேன். "அக்கா, இந்தக் குழல் கீபோர்டுலயே இருக்குமா?"

"கம்பெனி குடுக்கிற குழல் நம்ம பாட்டுக்கு ஒட்டாதும்மா. இது ஏத்தினது."

"யார் ஏத்துவாங்க?"

"டோன் பண்றவங்க. இங்கயே பின்னாடி தெருவுல கடை இருக்கு. கொஞ்சம் தள்ளிக்கோ, பாயசம் கீபோர்டுல சொட்டப்போகுது."

தள்ளிக்கொண்டேன். ஆனால் அந்த ஒரு வரி மண்டையில் மாட்டிக்கொண்டது. யாரோ ஒருவர் உட்கார்ந்து இந்தச் சத்தத்தைச் செய்திருக்கிறார். அதுவரை சத்தம் என்பது எங்கேயோ இருப்பது, அதைப் பதிவு செய்வதுதான் வேலை என்று நினைத்திருந்தேன். செய்யலாமாம்! பெருங்குடியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில், பிறர் எழுதிய புரோகிராமில் பிழை கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தேன் அப்போது. பிழை கண்டுபிடித்தது போதும், நாமே செய்வோம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எனக்கு முடிவுகள் எல்லாம் சீக்கிரம் வந்துவிடும். யோசனை பிற்பாடு நிதானமாக வரும்.

1. முதல் நாள்

கடை முதல் மாடியில். கீழே புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கும் கடை. அந்த மிஷின் ஓடினால் எங்கள் தரை நடுங்கும். உரிமையாளர் ஜெரால்டு சாருக்கு நாற்பது வயதிருக்கும். கீபோர்டு பழுது பார்ப்பது அவர் வேலை. உடைந்த கட்டையை மாற்றுவார், உள்ளே போன எறும்பை எடுப்பார். டோன் செய்வது அவருக்கு வராது, ஆர்வமும் கிடையாது. டோன் செய்துகொண்டிருந்தவர் துபாய்க்குப் போய்விட்டிருந்தார்.

"அவன் பண்ணின குழலை வெச்சே நாலு வருஷம் ஓட்டிட்டேன்" என்றார். "இப்ப மெட்ராஸ்ல எந்த மண்டபத்துக்குப் போனாலும் ஒரே குழல். வர்றவனெல்லாம் வேற இல்லையான்னு கேக்கறான். உனக்குப் பாட்டு தெரியுமா?"

"நல்லா கேப்பேன் சார்."

"அது எல்லாரும்தான் கேக்கறாங்க. சிந்தசைசர் தெரியுமா?"

"ஒரு வாரத்துல கத்துப்பேன் சார்."

ஒரு வாரம் என்று நான் சொன்னதை இன்றைக்கும் கடைக்கு வரும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார்.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிந்தசைசரில் ஒரு சத்தம் செய்ய மூன்று விஷயம் வேண்டும். ஆசிலேட்டர், அதாவது சத்தம் பிறக்கிற இடம். அதிலிருந்து வருவது வெறும் ரீங்காரம்தான். அடுத்தது ஃபில்டர். அது சல்லடை, காதைக் கிழிக்கிற பகுதியைச் சலித்துவிடும். மூன்றாவது என்வலப். கட்டையை அமுக்கியதும் சத்தம் உடனே வர வேண்டுமா, மெதுவாக வர வேண்டுமா, விரலை எடுத்ததும் எப்படி அடங்க வேண்டும் என்பதெல்லாம் அதன் பொறுப்பு. இந்த மூன்றையும் இரண்டு நாளில் புரிந்துகொண்டேன். புரிந்ததற்கும் வந்ததற்கும் நடுவில் நான்கு மாதம் போயிற்று.

இணையத்தில் இருக்கிற வீடியோக்களைப் பார்த்துப் படித்தேன். எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் போடுவது. விண்கலம் தரையிறங்குவது எப்படி, பூமி பிளப்பது எப்படி என்று அருமையாகச் சொல்லித்தருகிறார்கள். நான்காம் நாளே எனக்கு விண்கலம் வந்துவிட்டது. ஜெரால்டு சாரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "இது எந்த முகூர்த்தத்துக்கு?" என்றார்.

2. கஸ்டமர்கள்

என் முதல் குழலைக் கேட்ட வடபழனி கஸ்டமர் ஒருவர் தலையைச் சாய்த்து யோசித்தார். "சவுண்டு எங்கயோ கேட்ட மாதிரி இருக்கும்மா... ஆங், எங்க வீட்டு குக்கர்!"

இரண்டாவது குழலில் உணர்ச்சி வேண்டும் என்று சத்தம் மெதுவாக எழும்பும்படி வைத்தேன். மறுநாளே அந்த டோன் திரும்பி வந்தது. கொண்டு வந்தவர் ஆழ்வார்பேட்டைக்காரர், ரொம்பப் பொறுமைசாலி. "ஒண்ணுமில்லம்மா. நான் பல்லவியில அமுக்கறேன், அது சரணத்துல வருது. வேகமான பாட்டுல எனக்குப் பின்னாடியே ஓடி வருது பாவம்."

பெயர் வைப்பதில் வேறு எனக்கு ஒரு கிறுக்கு. 'மார்கழி அதிகாலைப் பனியில் ஒரு குழல்' என்று ஒரு டோனுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தேன். கீபோர்டின் திரையில் எட்டு எழுத்துதான் தெரியும். மார்கழி மட்டும் தெரிந்தது. அடுத்து 'மார்கழி மாலையில் ஒரு வீணை' செய்தேன். அதுவும் மார்கழி. பெருமாள் கோவில் கச்சேரியில் ஒருவர் குழல் என்று நினைத்து வீணையை அமுக்கிவிட்டார். ஃபோனில் அவர் பேசிய தமிழை எழுத முடியாது. அன்றிலிருந்து என் டோன்களுக்குக் குழல் 1, குழல் 2 என்றுதான் பெயர்.

ஆனாலும் கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. குழல் என்பது ஸ்வரம் மட்டும் இல்லை, ஊதுகிற காற்றும் சேர்ந்தது என்று பிடிபட்டது. அதிர்வு முதலிலேயே வரக்கூடாது, நீட்டிப் பிடித்த பிறகுதான் வர வேண்டும் என்றும் பிடிபட்டது. நம் ஊர்க் குழல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குக் குதிக்காது, வழுக்கிக்கொண்டு போகும் என்பது கடைசியாகப் பிடிபட்டது. குழல் 9 வரும்போது கஸ்டமர்கள் குக்கர் என்று சொல்வதை நிறுத்திவிட்டார்கள். என் தலைக்கனம் சரியாக அந்த இடத்தில்தான் ஆரம்பித்தது.

3. ஸ்டெல்லா அக்காவின் ஆர்டர்

ஒருநாள் மத்தியானம் அந்த மெரூன் புடவை அக்கா கடைக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"ஏய், நீ பாயசம்தானே?"

பெயர் ஸ்டெல்லா. மயிலாப்பூர் பக்கம் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசையில் கீபோர்டு வாசிப்பவர். கல்யாணக் கச்சேரிகளில் எட்டு வருடமாக வாசிக்கிறார். ஆனால் எந்தக் குழுவிலும் நிரந்தரம் இல்லை.

"எவனாவது காய்ச்சல்னு படுத்தாத்தான் எனக்கு ஃபோன் வரும்" என்றார். "எட்டு வருஷமா அடுத்தவன் காய்ச்சல்லதான் நான் வாசிக்கிறேன்."

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருந்தது. மூர்த்தி என்பவர் நடத்தும் குழு. வடபழனியில் ஒத்திகை, சீசனில் வாரம் மூன்று கச்சேரி. அவருடைய கீபோர்டுக்காரர் வெளியூர் போகிறார். ஒரே ஒரு ரிசப்ஷனில் ஸ்டெல்லா அக்கா வாசிக்க வேண்டும். பிடித்திருந்தால் நிரந்தரம்.

"அன்னிக்கு முக்கியம் என்ட்ரிதான். அதுக்கு ஒரு குழல் பண்ணிக் குடு. மூர்த்தி சார் இதுவரைக்கும் கேட்டிருக்கவே கூடாது."

என்ட்ரி என்றால், ரிசப்ஷனில் மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலிலிருந்து மேடைவரை நடந்து வருவது. விளக்கை அணைப்பார்கள், தரையில் புகை விடுவார்கள், மேலிருந்து பூ கொட்டும். ஒரு நிமிடம் பாட்டுக் கிடையாது. குழல் மட்டும், அடியில் மெல்லிய தாளம். மண்டபமே அப்போதுதான் வாயை மூடிக்கொண்டு கேட்கும். மற்ற மூன்று மணி நேரமும் இசைக்குழு என்ன வாசிக்கிறது என்று சொந்தக்காரர்கள் யாருக்கும் தெரியாது.

ஆக, ஸ்டெல்லா அக்காவின் எட்டு வருடம் என்னுடைய ஒரு நிமிடக் குழலில் வந்து நின்றது. யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். நான் குஷியாகிவிட்டேன்.

4. அகலம்

பத்து நாள் உழைத்தேன். குழல் 14. சத்தியமாக நன்றாக இருந்தது. ஆனால் ஹெட்ஃபோனில் கேட்டால் மண்டைக்கு நடுவில் ஒல்லியாக நின்றது. பிரமாண்டம் இல்லை. சத்தத்தை அகலமாக்குவது எப்படி என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அதே சத்தத்தை இடது காதுக்கும் வலது காதுக்கும் அனுப்பு, வலது பக்கத்தை மட்டும் தலைகீழாகத் திருப்பிவிடு, அவ்வளவுதான் என்றார் அந்த வெள்ளைக்காரர். ஒரு பட்டன். அமுக்கினேன். குழல் மண்டையை விட்டு வெளியே வந்து, காதுக்கு இரண்டு பக்கமும் ஆகாயம் மாதிரி விரிந்துகொண்டது. கொஞ்சம் எதிரொலியும் சேர்த்தேன். எனக்கே கண் கலங்கிவிட்டது.

அந்த வீடியோவின் கடைசி நிமிடத்தில் ஓர் எச்சரிக்கை இருந்ததாம். நான் எந்த வீடியோவையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டி, கடைசி நிமிடம் வருவதற்குள் மூடிவிடுகிறவள்.

கடையில் ஒரு பழைய ஸ்பீக்கர் பாக்ஸ் உண்டு. ஜெரால்டு சார் எந்த டோனையும் அந்த ஒற்றை பாக்ஸில் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பார். கீபோர்டிலிருந்து வரும் இரண்டு ஒயரையும் ஒரு குட்டி மிக்ஸரில் சேர்த்து, ஒன்றாக்கி, பாக்ஸுக்கு அனுப்புவார். அதில் என் குழல் 14-ஐப் போட்டேன். குழல் வரவில்லை. எதிரொலி மட்டும், எங்கோ பக்கத்துத் தெருவில் யாரோ வாசிப்பது மாதிரி, மெலிசாகக் கேட்டது.

ஒரு நல்ல தொழிலாளி இந்த இடத்தில் என்ன செய்வார்? டோனில் ஏதாவது தப்பா என்று பார்ப்பார். நான் என்ன செய்தேன் என்றால், "சார், உங்க பாக்ஸ் செத்துப்போச்சு" என்றேன்.

ஜெரால்டு சார் பாவம், பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு பாக்ஸைத் திறந்தார். ஒவ்வொரு இணைப்பாகச் சால்டரிங் வைத்தார். சாயங்காலம் தன் ஃபோனைச் செருகி ஒரு பாட்டு போட்டார். கணீரென்று வந்தது.

"நல்லாத்தானே இருக்கு?"

"லூஸ் கனெக்‌ஷனா இருந்திருக்கும் சார். இப்ப நீங்க சரி பண்ணிட்டீங்க."

அவரும் நம்பினார், நானும் நம்பினேன். குழல் 14-ஐ மறுபடி அதில் போட்டுப் பார்க்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பெருங்குடியில் மூன்று வருடம் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள் நான் என்பதை இங்கே இன்னொரு தடவை நினைவுபடுத்திக்கொள்கிறேன். அதற்குள் ஸ்டெல்லா அக்கா வந்து, ஹெட்ஃபோனில் கேட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். டோனை அவர் கீபோர்டில் ஏற்றிவிட்டேன்.

5. மூன்று என்ட்ரி

மயிலாப்பூரில் மண்டபம். ஐந்து மணிக்கு சவுண்ட் செக். மைக் செட் பாபு அண்ணன் மிக்ஸரில் நின்றார். "கீபோர்டு குடு" என்றார். ஸ்டெல்லா அக்கா பியானோ டோனில் நாலு கட்டை வாசித்தார். "ஓகே, அடுத்து டிரம்ஸ்."

"ஒரு நிமிஷம் அண்ணே, குழலையும் போட்டுப் பாத்துடவா?" என்றார் ஸ்டெல்லா அக்கா.

நான் குறுக்கே விழுந்தேன். "வேணாம்க்கா! மூர்த்தி சார் இங்கதானே நிக்கறாரு. என்ட்ரியிலதான் முதல் தடவை கேக்கணும். சர்ப்ரைஸ்."

யோசித்தார். பிறகு, "சரி, நீ சொன்னா சரி" என்றார். 

ஏழு மணி. விளக்கு அணைந்தது. புகை வந்தது. வாசலில் மாப்பிள்ளையும் பெண்ணும். மூர்த்தி சார் கையைக் காட்டினார். தாளம் ஆரம்பித்தது: டும்... டும்...

குழல் வரவில்லை.

நான் கூடத்தின் நடுவில், தூண் ஓரம் நின்றிருந்தேன். மேடையில் ஸ்டெல்லா அக்கா கண்ணை மூடி, லேசாக ஆடியபடி, உருகி உருகி வாசித்துக்கொண்டிருக்கிறார். விரல்கள் ஓடுகின்றன. காதில் கீபோர்டிலிருந்தே நேராக வரும் ஹெட்ஃபோன். அவருக்கு ஆகாயம் விரிகிறது. கூடத்தில் முந்நூறு பேருக்கு டும், டும். நடுவே எங்கோ தூரத்தில் யாரோ அழுவது மாதிரி எதிரொலி மட்டும். கல்யாணப் பெண் நடப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மாப்பிள்ளையைப் பார்த்தாள். என் பக்கத்தில் நின்ற மாமி, "என்னடி இது, சத்தமே இல்லாம, வேற எதுக்கோ வர்றா மாதிரி இருக்கு?" என்றாள்.

ஃபோட்டோகிராஃபர் கையை உயர்த்தினார். "சார், மேடம், திரும்பிப் போயிடுங்க. மறுபடி எடுத்துக்கலாம்!"

திரும்பிப் போனார்கள். மறுபடி புகை. மறுபடி டும், டும். மறுபடி ஸ்டெல்லா அக்கா உருகினார். மறுபடி ஒன்றுமில்லை. பெண்ணின் சித்தப்பா மேடை ஓரத்துக்கே வந்துவிட்டார். மூர்த்தி சார் கீபோர்டு பக்கம் பாய்ந்து, ஸ்டெல்லா அக்காவின் காதிலிருந்து ஹெட்ஃபோனைப் பிடுங்கினார்.

"ஏம்மா, வாசிக்க மாட்டியா நீ?"

"வாசிச்சேனே சார்!"

"எங்க வாசிச்ச? கை நடுங்குதுன்னா முன்னாடியே சொல்லித் தொலைய வேண்டியதுதானே!"

அதற்குள் பாபு அண்ணன் மேடைக்கு ஏறி வந்து ஒயர்களை ஆட்டிப் பார்த்தார். எரிச்சலில் கீபோர்டின் இடது பக்க ஒயரைப் பிடுங்கினார். பயத்தில் ஸ்டெல்லா அக்காவின் விரல் கட்டையில் இருந்திருக்க வேண்டும். கூடம் முழுக்கக் குழல் வெடித்தது. மாட்டினார். நின்றது. பிடுங்கினார். வந்தது.

"இன்னாய்யா இது! ஒயரை மாட்னா போவுது, புட்ங்குனா வர்து?"

ஒயரைப் பிடுங்கிய நிலையிலேயே மூன்றாவது என்ட்ரி நடந்தது. குழல் அழகாக வந்தது. யாரும் கேட்கவில்லை. சித்தப்பா மூர்த்தி சாரைத் திட்டிக்கொண்டிருந்தார். மூர்த்தி சார் ஸ்டெல்லா அக்காவைப் பார்க்கவே இல்லை. கச்சேரி முடிந்ததும், "அடுத்ததுக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன்மா" என்று மட்டும் சொன்னார்.

6. பாபு அண்ணன்

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த பாபு அண்ணனிடம் போய் நின்றேன். "அண்ணே, ரெண்டு ஒயரையும் நீங்க ஒண்ணா சேத்துடுவீங்களா?"

"பின்ன?"

"லெஃப்ட் தனியா, ரைட் தனியா அனுப்ப மாட்டீங்களா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாமா பேசற? லெஃப்ட்ல பொண்ணு வூட்டுக்காரங்க குந்திகினு கீறாங்க, ரைட்ல மாப்ள வூட்டுக்காரங்க. பாதிப் பாட்டு அவங்களுக்கு, பாதிப் பாட்டு இவங்களுக்கா? அப்பால சண்ட வந்தா நீ வந்து தீப்பியா? எல்லாருக்கும் ஒரே சவுண்டுதான். எங்கப்பா காலத்துலேந்து அப்டிதான் கீது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தம் என்பது ஸ்பீக்கருக்குள் இருக்கும் காகிதக் கூம்பு காற்றை முன்னே தள்ளுவதும் பின்னே இழுப்பதும்தான். என் குழலில் இடது பக்கம் முன்னே தள்ளும்போது வலது பக்கம் பின்னே இழுத்தது. இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் போனால் அகலம். ஒன்றாகச் சேர்த்தால் தள்ளுவதும் இழுப்பதும் கழிந்து பூஜ்யம். எதிரொலி இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்ததால் அது மட்டும் தப்பித்து, அநாதையாகக் கேட்டது. ஜெரால்டு சாரின் பாக்ஸ் இதைத்தான் எனக்குச் சொல்லியிருக்கிறது. நான் அதையே பிரித்துப் பார்க்க வைத்தேன்.

ஸ்டெல்லா அக்காவிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். கீபோர்டைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"புரியுது. இத போய் மூர்த்தி சார்கிட்ட நான் சொன்னா என்ன சொல்வார் தெரியுமா? ஆடத் தெரியாதவ சாக்குன்னு சொல்வார். வீட்டுக்குப் போ அபி."

அடுத்த ஐந்து நாளும் என் ஃபோனை அவர் எடுக்கவில்லை.

7. வடபழனி, இரண்டாவது மாடி

ஆறாம் நாள் ஜெரால்டு சாரிடம் பாக்ஸைக் கேட்டேன். "எதுக்கு? மறுபடி செத்துப்போச்சா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு அவரும் ஆட்டோவில் ஏறினார். பாக்ஸ் என் மடியில், கீபோர்டு அவர் மடியில், குட்டி மிக்ஸர் எங்கள் இருவருக்கும் நடுவில்.

வடபழனி பஸ் டிப்போ பக்கத்தில் இரண்டாவது மாடி. மூர்த்தி சார் ஒத்திகையில் இருந்தார். யார் என்று சொன்னதும் முகம் சுருங்கியது.

"அந்தக் கல்யாணத்தைப் பத்திப் பேசாத. எனக்கு பி.பி. ஏறும்."

"பேசல சார். அஞ்சு நிமிஷம் ஒரு ஒயரை நீங்களே மாட்டி எடுங்க. போயிடறேன்."

எல்லாவற்றையும் இணைத்தேன். ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்தேன். அவர் ஒயரை எடுத்தார், குழல் வந்தது. மாட்டினார், போயிற்று. எடுத்தார், மாட்டினார். ஏழெட்டுத் தடவை செய்தார். தபலா வாசிப்பவரைக் கூப்பிட்டு அவரையும் செய்யச் சொன்னார். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப அந்தப் பொண்ணு வாசிச்சிருக்கு."

"ரெண்டு தடவையும் முழுசா வாசிச்சாங்க சார். அவங்களுக்கு மட்டும் கேட்டுச்சு. தப்பு என்னோடது. சவுண்ட் செக்ல போட்டுப் பாக்கறேன்னு கூட சொன்னாங்க. நான்தான் தடுத்தேன்."

"ஏன்?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சார்."

தபலாக்காரர் சிரித்துவிட்டார். மூர்த்தி சார் சிரிக்கவில்லை. "நான் அத்தனை பேர் முன்னாடி திட்டிட்டேனே அந்தப் பொண்ண" என்றார். பிறகு, "வர்ற ஞாயித்துக்கிழமை ஆழ்வார்பேட்டைல ஒரு ரிசப்ஷன். வரச் சொல்றேன். ஆனா உன் டோன் வேணாம்மா. பழைய குழல்லயே வாசிக்கட்டும்" என்றார்.

வெளியே வந்ததும் ஜெரால்டு சார், "வந்ததுக்கு ஒரு டீ சாப்பிடலாம்" என்றார். டீக்கடையில் மெதுவாக, "பாக்ஸ் நல்லாத்தான் இருந்துச்சு, ம்?" என்றார். தலையாட்டினேன். டீக்குக் காசை அவரே கொடுத்தார். நாளைக்குக் கடைக்கு வரும் எல்லோரிடமும் சொல்வார், அது வேறு.

8. இனி

நேற்று ஸ்டெல்லா அக்கா கடைக்கு வந்தார். உட்காரவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"மூர்த்தி சார் ஃபோன் பண்ணினார். சாரி சொன்னார். எட்டு வருஷத்துல ஒரு லீடர் என்கிட்ட சாரி சொல்றது இதுதான் முதல் தடவை."

"பழைய குழல்லயே வாசிங்கக்கா. அதுதான் நல்லது."

"நீ பேசாத. உன் மேல எனக்குக் கோவம் இன்னும் இருக்கு. ஆனா எதுக்குன்னு உனக்குத் தெரியல. டோன் போச்சுன்னு இல்ல. எங்க ஸ்கூல் பசங்க கத்தறத தினமும் கேட்டுக் கேட்டு வறண்டுபோன காதுடி இது. அன்னிக்கு அந்தக் குழல் காதுல விழுந்தப்போ, என் கையா இப்படி வாசிக்குதுன்னு இருந்துச்சு. அத முந்நூறு பேர் இருந்த எடத்துல நான் ஒருத்தி மட்டும்தான் கேட்டேன். அதான் கோவம்."

நான் லேப்டாப்பைத் திறந்து குழல் 14-ஐ எடுத்தேன்.

"அதே குழல்தான் வாசிப்பேன். மூர்த்தி சார்கிட்ட நான் சொல்லிக்கறேன். சரி பண்ணிக் குடு. அன்னிக்கு நீயும் மேடையில என் பக்கத்துல நிக்கணும். சத்தம் வரலைன்னா மைக்கைப் புடிச்சு நீ விசில் அடிக்கணும், புரியுதா?"

எனக்கு விசில் அடிக்க வராது. அதைச் சொல்லும் தைரியமும் வரவில்லை.

இந்த நாலு மாதத்தில் கற்றது என்ன என்று கேட்டால் ஒரே ஒரு விஷயம்தான். நாம் எங்கே உட்கார்ந்து செய்கிறோமோ அங்கே கேட்டுப் பிரயோஜனம் இல்லை. எங்கே கேட்கப்போகிறார்களோ அங்கே போய்க் கேட்க வேண்டும். இதைக் கற்க ஒரு பெண்ணை இரண்டு தடவை வாசலுக்குத் திருப்பி அனுப்பியிருக்கத் தேவையில்லை.

குழல் 15 தயாராகிக்கொண்டிருக்கிறது. அகலம் இல்லை. நடுவில் நேராக நிற்கிறது. ஒல்லியாகத்தான் இருக்கிறது; அதனால் அதன் அடியில் இன்னொரு குழலை, ஒரு ஸ்தாயி கீழே, சன்னமாக வைத்துப் பார்க்கிறேன். ஒற்றை பாக்ஸில் கேட்கிறேன். கீழே ஃபால்ஸ் மிஷின் ஓடும்போது கேட்கிறேன். ஓடாதபோதும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, நாற்காலி போடுவதற்கு முன்பே ஆழ்வார்பேட்டை மண்டபத்துக்குப் போகப்போகிறேன். அங்கேயும் மைக் செட் பாபு அண்ணன்தான்; அவரிடம் சொல்லிவிட்டேன். "மூணு மணிக்கா? நான் அப்பதான் சாப்ட்டு படுப்பேன்" என்றவர், பிறகு வருகிறேன் என்றிருக்கிறார். ஸ்டெல்லா அக்கா வாசிக்க, நான் முதல் வரிசையில், கடைசி வரிசையில், பெண் வீட்டுப் பக்கம், மாப்பிள்ளை வீட்டுப் பக்கம், வாசல் கோலத்தின் மேல் நின்று கேட்க வேண்டும். பிடிக்காவிட்டால் அங்கேயே உட்கார்ந்து மாற்ற வேண்டும். லேப்டாப் எடுத்துப் போகிறேன்.

யாரென்றே தெரியாத அந்தக் கல்யாணப் பெண், அன்றைக்குச் சாயங்காலம் வாசலிலிருந்து மேடைக்கு ஒரே ஒரு தடவைதான் நடக்க வேண்டும்.